புத்தகம் கொண்டுவந்த மாணவன்: இராமானுஜனின் இளமைக் கதை – ஒரு மறுவாசிப்பு

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றை எழுதியோர் பலர். அவ்வரலாறுகளுள் விரிவானது ராபர்ட் கனிகல் எழுதி 1991இல் வெளிவந்த நூலாகும். அதன் தொடக்கப் பகுதியில், வாசகர் எளிதில் கடந்து சென்றுவிடக்கூடிய சிறு செய்தி ஒன்று உள்ளது. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த இராமானுஜனின் வீட்டில், குடும்ப வருவாய்க்குத் துணையாக, கல்லூரி மாணவர் இருவருக்கு உணவும் தங்குமிடமும் அளித்து வந்தனர். ஒருவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவர். மற்றவர் தெற்கே திருநெல்வேலியிலிருந்து வந்தவர். வீட்டுச் சிறுவனுக்குக் கணக்கில் இருந்த ஈடுபாட்டைக் கண்ட இருவரும் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தனர். சில மாதங்களில் அவர்களிடமிருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு சிறுவன் கல்லூரி நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவரும்படி அவர்களை நச்சரிக்கத் தொடங்கினான். அவர்களும் கொண்டுவந்தனர். அவ்வாறு வந்த நூல்களுள் ஒன்று எஸ்.எல். லோனி எழுதிய திரிகோணமிதி நூல். பதின்மூன்று வயதுக்குள் சிறுவன் அதனைக் கரைத்துக் குடித்துவிட்டான்.

இக்கட்டுரையைத் திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மகாதேவியில் இருந்துகொண்டு எழுதுகிறோம். ஆகவே அந்த நெல்லை மாணவரைப் பற்றிய ஒற்றை வரி நம்மை நிறுத்திவைத்ததில் வியப்பில்லை. ஆனால் நம் ஊர்ப்பற்று இங்கே பேசுபொருளன்று. இராமானுஜனின் கதையை நாம் எவ்வாறு சொல்லி வருகிறோம், அவ்வாறு சொல்வதில் எதனை விட்டுவிடுகிறோம், விட்டுவிட்டதனால் நம் பிள்ளைகள் எதனை இழக்கிறார்கள் என்பதே நாம் ஆராய விரும்புவது.

இரு சொல்முறைகள்

இராமானுஜன் கதை நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது.

முதலாவது, அற்புதக் கதை. நாமக்கல்லில் கோயில்கொண்ட நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களைத் தந்தருளினாள் என்பது அது. இராமானுஜன் அவ்வாறு நம்பினார் என்பதற்கு அவருடைய நண்பர்களின் சாட்சியம் உண்டு. அந்நம்பிக்கையை எள்ளுவது நம் நோக்கமன்று. அறிவு யாவும் இறைவனின் கொடையே என்று நம்புகிற நாம் அதைப் பழித்துரைக்க நியாயமுமில்லை. எனினும், கொடை எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்லியாக்களின் கராமத்துகளைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டு, அவர்கள் ஓதிய கிதாபுகளின் பெயரைக்கூடக் கேளாமல் எழுந்து போகும் பழக்கம் நம்மிடமும் உள்ளதன்றோ?

இரண்டாவது, தனிமேதைக் கதை. இதற்கு ஆதாரமாக விளங்குபவர் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஜி.எச். ஹார்டி. 1940இல் வெளிவந்த தம் பன்னிரண்டு சொற்பொழிவுகளின் முதல் உரையில், இராமானுஜனைக் கீழைத்தேய மர்ம ஞானியாகக் காட்டும் முயற்சியை அவர் மறுத்தார். இராமானுஜன் மற்றெந்தக் கணித அறிஞரையும் போலவே சிந்தித்தார் என்பது அவர் துணிபு. இந்த மறுப்பு மதிக்கத்தக்கது. ஆனால் ஹார்டியின் சித்திரத்தில், உலகின் கணித நீரோட்டத்திலிருந்து முற்றாக அறுபட்ட ஒருவர் நமக்குக் காட்சியளிக்கிறார். பின்னால் வந்த எழுத்தாளர்களும் திரைப்படக்காரர்களும் அந்தத் தனிமையையே மேலும் தீட்டினர். 2015இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் கும்பகோணத்துச் சிறுவனை விட்டுவிட்டு, சென்னையில் வேலை தேடும் இளைஞனிலிருந்தே தொடங்குகிறது. ஞான ராஜசேகரனின் 2014ஆம் ஆண்டுத் திரைப்படம் கும்பகோணத்துக்கும் இடம் தருகிறது. அந்த வகையில் அது நம் நன்றிக்குரியது. எனினும் இரண்டிலிருந்தும் பார்வையாளர் எடுத்துச் செல்லும் செய்தி ஒன்றுதான்: மேதை பிறக்கிறான், உலகம் அவனைப் புரிந்துகொள்ளாமல் தவிக்கிறது.

ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரு கதைகளும் ஓரிடத்தில் கைகோக்கின்றன. அற்புதக் கதையில் அறிவு வானத்திலிருந்து இறங்குகிறது. தனிமேதைக் கதையில் அது தலைக்குள்ளிருந்து முளைக்கிறது. இரண்டிலும் நடுவில் மனிதர் எவருக்கும் வேலையில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு இரண்டிலும் இடமில்லை. ஆகவே கேட்போருக்கும் பொறுப்பில்லை. மேதை பிறந்தால் பிறக்கட்டும், நாம் கைதட்டுவோம் என்று இருந்துவிடலாம். இக்கதைகள் இத்துணைப் பிரியத்தோடு சொல்லப்படுவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

தேர்வுக்கான நூலும் தேடலுக்கான நூலும்

1903ஆம் ஆண்டில், பதினாறு வயதை எட்டுவதற்கு முன், இராமானுஜனின் கைக்கு வந்த இன்னொரு நூல் உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் தொகுத்த 'சினாப்ஸிஸ்' என்னும் கணிதத் தொகுப்பு அது. 1880இலும் 1886இலுமாக இரு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலும் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்தே, மூத்த மாணவர் வழியாகவே, அவரை அடைந்தது.

கார் பெரிய கணித அறிஞர் அல்லர். இலண்டனில் மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளித்து வந்தவர். கேம்பிரிட்ஜின் கடினமான கணிதத் தேர்வுக்கு உதவும் பொருட்டு, இயற்கணிதம், திரிகோணமிதி, நுண்கணிதம், பகுமுறை வடிவியல் ஆகியவற்றின் முடிவுகளைச் சுமார் 6000 இலக்கமிட்ட கூற்றுகளாக அடுக்கிவைத்தார். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. இருப்பவையும் ஓரிரு வரிக் குறிப்புகளே. இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு பயிற்சி மையத்தின் கையேடு.

அத்தகைய நூல் ஒரு சிறுவனை ஆராய்ச்சியாளனாக ஆக்கியது எவ்வாறு? எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் இதை விளக்கலாம். 1இலிருந்து தொடங்கி ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால், கிடைக்கும் தொகை எப்போதும் ஒரு வர்க்க எண்ணாகவே இருக்கும். 1உடன் 3ஐக் கூட்டினால் 4. 5ஐயும் கூட்டினால் 9. 7ஐயும் கூட்டினால் 16. இந்தக் கூற்று மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது, காரணம் தரப்படவில்லை என்று கொள்வோம். தேர்வுக்குப் படிப்பவன் இதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்ததற்குச் செல்வான். ஆர்வமுள்ளவனோ, ஏன் என்று கேட்டு அங்கேயே நின்றுவிடுவான். கூழாங்கற்களைச் சதுரமாக அடுக்கிப் பார்ப்பான். ஒவ்வொரு சதுரத்தையும் அடுத்த பெரிய சதுரமாக்க, இரு பக்கங்களிலும் ஒரு வரிசை சேர்த்து மூலையில் ஒரு கல் வைக்க வேண்டும் என்பதையும், அவ்வாறு சேரும் கற்களின் எண்ணிக்கை எப்போதும் அடுத்த ஒற்றைப்படை எண்ணாகவே அமைவதையும் காண்பான். அந்தக் கணத்தில் கூற்று அவனுடையதாகிவிடுகிறது. இராமானுஜன் செய்தது இதுவே. ஆயிரக்கணக்கான கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தாமே காரணம் தேடி நிறுவினார். நிறுவும்போதே புதியவை தென்பட்டன. நூலில் நிரூபணம் இல்லாத குறையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

பிறரைத் தேர்வில் தேற்றுவதற்காக எழுதப்பட்ட நூல் இவரைத் தேர்வில் தோற்கவைத்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 1904இல் பள்ளியிறுதியில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைப் பெற்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. தேர்வில் அங்கிருந்தும், மறு ஆண்டு தனித்தேர்வராகவும் தோற்றார். கணிதம் தவிர வேறெதிலும் அவருடைய மனம் செல்லவில்லை. இராமானுஜன் முப்பத்திரண்டு வயதில் மறைந்ததைக்காட்டிலும், பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் வீணானதே உண்மையான அவலம் என்று ஹார்டி கருதினார். வளைந்துகொடுக்கத் தெரியாத ஒரு கல்விமுறையையே அவர் அதற்குப் பொறுப்பாக்கினார். இந்தத் தீர்ப்பில் நாம் ஹார்டியின் பக்கமே நிற்கிறோம்.

சதுரமும் தாயத்தும்

இராமானுஜனின் குறிப்பேடுகள் மாயச் சதுரங்களுடன் தொடங்குகின்றன. பள்ளிப் பருவத்தில் அவர் விளையாடிய விளையாட்டு அது. குறுக்கிலும் நெடுக்கிலும் மூலைவிட்டத்திலும் கூட்டினால் ஒரே தொகை வரும்படி எண்களைக் கட்டங்களில் நிரப்புவது அதன் முறை.

இதனைப் படிக்கும் நம் வாசகருக்கு வேறொரு நினைவு எழாமல் இராது. நம் முன்னோர் 'வஃப்க்' என்று அழைத்ததும் இதுவே. ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களை நிரப்பி, எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும் மூவரிசைச் சதுரத்தை எழுதித் தாயத்தில் அடைத்துக் கட்டிய வீடுகள் நம்மிடையே குறைவல்ல. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்காக இச்சதுரத்தைப் பயன்படுத்தும் வழக்கத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'அல்முன்கித்' நூலில் குறிப்பிடுகிறார்கள். ஆயின் நம் மரபு தாயத்தோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி போன்ற கணித அறிஞர்கள், எவ்வளவு பெரிய சதுரத்தையும் அமைப்பதற்குப் பொதுவிதி உண்டா என்று ஆராய்ந்து தனி நூல்கள் எழுதினர்.

ஒரே சதுரம் ஒரு வீட்டில் பேழையில் பூட்டப்படுகிறது. மற்றொரு வீட்டில் ஒரு பிள்ளையின் கையில் கேள்வியாகிறது. இவ்வேறுபாடு எதனால் வருகிறது? பிள்ளையின் மூளையால் மட்டும் என்று சொல்ல நாம் தயங்குகிறோம். அந்த மற்றொரு வீட்டில் கேள்விக்கு அடுத்த படியாக ஒரு புத்தகம் வந்து சேர்ந்திருக்கிறது.

புகாராவின் காய்கறி வணிகர்

தானே கற்ற இளைஞனின் கதைக்கு நம் மரபில் இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு உண்டு. ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் பிறந்த இப்னு ஸீனா, தம் இளமையைத் தாமே சொல்லி வைத்திருக்கிறார். பத்து வயதில் குர்ஆனையும் இலக்கிய நூல்கள் பலவற்றையும் முடித்தவரை, அவருடைய தந்தை ஒரு காய்கறி வணிகரிடம் அனுப்பினார். அவ்வணிகருக்கு இந்தியக் கணக்கு, அதாவது நாம் இன்று எழுதும் பத்திலக்க எண்முறைக் கணக்கு, தெரிந்திருந்தது. பிறகு நாத்திலீ என்ற ஆசிரியர் வீட்டில் வந்து தங்கினார். யூக்ளிடின் நூலில் முதல் ஐந்தாறு தேற்றங்களை மட்டுமே அவரிடம் பாடம் கேட்டதாகவும், எஞ்சியவற்றைத் தாமே தீர்த்துக்கொண்டதாகவும் இப்னு ஸீனா கூறுகிறார். டாலமியின் வானியல் நூலிலும் அவ்வாறே. ஒரு கட்டத்தில் ஆசிரியரே, நீயே தீர்த்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டு என்று சொல்லிவிட்டாராம்.

இதில் தற்பெருமை உண்டு. ஆசிரியரின்றி உண்மையை எட்டும் உள்ளொளியை இப்னு ஸீனா 'ஹத்ஸ்' என்று அழைத்தார். தம் தத்துவத்தில் அதற்கு உயர்ந்த இடமும் கொடுத்தார். அக்கொள்கைக்குச் சான்றாகவே அவர் தம் இளமையை எழுதினார் என்று திமித்ரி குடாஸ் போன்ற இன்றைய ஆய்வாளர்கள் காட்டுகின்றனர். அப்படியிருந்தும், நேர்மையாகத் தம் கதையைச் சொன்னதால், தம் கொள்கையோடு ஒட்டாத மனிதர்களையும் அவர் பதிவு செய்துவிட்டார். காய்கறி வணிகர் இருக்கிறார். நாத்திலீ இருக்கிறார். அரிஸ்டாட்டிலின் 'மெய்ப்பொருளியல்' நூலை நாற்பது முறை படித்தும் விளங்காமல் கைவிட்ட நிலையில், புத்தகக் கடைத்தெருவில் ஒரு தரகர் ஃபாராபியின் விளக்க நூலை நீட்டி, இதன் உடைமையாளருக்குப் பணமுடை, மூன்று திர்ஹத்துக்குத் தருகிறேன் என்று வற்புறுத்துகிறார். வேண்டாவெறுப்பாக வாங்கிச் சென்று படித்தவுடன் மூலநூலின் நோக்கம் துலங்கிவிடுகிறது. மறுநாள் அவர் ஏழைகளுக்குத் தர்மம் செய்து இறைவனுக்கு நன்றி செலுத்துகிறார். அடுத்து ஸாமானிய அரசர் நூஹ் இப்னு மன்ஸூரின் நூலகம் திறக்கிறது. அறை அறையாகப் பெட்டிகளில் அடுக்கிய நூல்கள் அங்கே இருந்தன.

தானே கற்றேன் என்று உரத்துச் சொன்னவரின் கதையிலேயே இத்தனை கைகள் புத்தகத்தை நீட்டுகின்றன. கும்பகோணத்து வீட்டில் தங்கிய நெல்லை மாணவர் இவ்வரிசையில் சேர்ந்தவர்.

ஆசிரியரின்றிக் கற்பதன் விலை

இங்கே நம் உலமாக்கள் நியாயமான ஒரு தடையை எழுப்பக்கூடும். புத்தகத்தை மட்டும் ஆசானாகக் கொண்டவனிடம் பிழை மிகும் என்பது நம் கல்வி மரபு காலங்காலமாக விடுத்துவரும் எச்சரிக்கை. ஆசிரியரின் முன் மண்டியிட்டு ஓதி, இஜாஸத் பெற்று, ஸனது தொடர்பறாமல் கற்பதே நம் வழி. அப்படியிருக்க, தானே கற்பவனை நாம் போற்றலாமா?

இத்தடையை இராமானுஜனின் வரலாறே ஒருவகையில் உறுதிப்படுத்துகிறது. திரிகோணமிதிச் சார்புகளைப் பற்றி அவர் இளமையில் தாமே கண்டறிந்த ஒரு முடிவு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆய்லர் கண்டது எனத் தெரியவந்தபோது, வெட்கித் தம் தாள்களை வீட்டுக் கூரையில் செருகி மறைத்துவிட்டார் என்பர். 1913 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைக் குறித்து அவர் உரிமை கொண்டாடிய சூத்திரம் பிழையானது. அத்துறைக்கு இன்றியமையாத கலப்பெண் சார்புக் கோட்பாடு அவருக்கு அறிமுகமாகவே இல்லை. நிரூபணம் என்றால் என்ன என்பது பற்றி அவருக்குத் தெளிவான கருத்து இருக்கவில்லை என்று ஹார்டி எழுதினார். தாள் வாங்கக் காசின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிய வறுமையும் இதற்குத் துணைபோயிற்று.

ஆகவே உலமாக்களின் எச்சரிக்கை பொய்யன்று. ஆனால் அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவே பெரும்பாலும் தவறிப்போகிறது. ஆசிரியர் இல்லையெனில் புத்தகமும் வேண்டாம் என்று நாம் முடிவு கட்டுகிறோம். புத்தகம் சென்ற இடத்துக்கு ஆசிரியரையும் அனுப்ப வேண்டும் என்பதே சரியான முடிவு. ஹார்டியும் லிட்டில்வுட்டும் செய்தது அதுதான். அந்நம்பிக்கையைக் குலைக்காமல், தெரியாததை எவ்வாறு கற்பிப்பது என்பது தமக்குச் சங்கடமாக இருந்தது என ஹார்டி சொல்கிறார். தாம் கற்பித்ததைவிடத் தாம் கற்றதே அதிகம் என்றும் ஒப்புக்கொள்கிறார். அதற்கு முன் சென்னையில் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கிய இராமச்சந்திர ராவும், 1912இல் 30 ரூபாய் சம்பளத்தில் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு வந்தவருடன் இரவுகளில் அமர்ந்து கணக்குப் போட்ட நாராயண ஐயரும், 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிய சென்னைப் பல்கலைக்கழகமும் தத்தம் அளவில் அப்பணியைச் செய்தனர். எல்லாம் ஏழாண்டு தாமதமாக நடந்தன.

இத்தகைய கணிதத்தால் மார்க்கத்துக்கோ வாழ்வுக்கோ என்ன பயன் என்ற வினாவும் எழலாம். பயனற்ற அறிவிலிருந்து பாதுகாவல் தேடும் சமுதாயம் நாம். இதற்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடமே விடையுண்டு. 'இஹ்யா'வின் கல்விப் பகுதியில், கொடுக்கல் வாங்கலுக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் வேண்டிய கணக்கை ஃபர்ளு கிஃபாயாவாக அவர்கள் வகுக்கிறார்கள். அதன் நுட்பங்களில் ஆழ்ந்து செல்வதைக் கடமையாக்கவில்லை. எனினும் அதைச் சிறப்புக்குரிய செயலாக, ஃபளீலத்தாக, ஏற்கிறார்கள். கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு தத்துவவாதிகளின் எல்லாக் கூற்றையும் நம்பிவிடுபவனை எச்சரித்த அதே இமாம், மார்க்கத்தைக் காப்பதாக எண்ணிக் கணிதத்தையே மறுப்பவனை மார்க்கத்தின் அறிவற்ற நண்பன் என்று கடிந்ததையும் சேர்த்தே நாம் நினைவுகொள்ள வேண்டும். அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே. பயனுக்காகத் தொடங்கிய அந்நூலே பின்னர் பயன் கருதாத ஒரு பெருங்கலைக்குப் பெயரும் தந்தது.

சேரன்மகாதேவியின் பந்தி

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். இராமானுஜன் 1920 ஏப்ரலில் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், சேரன்மகாதேவி என்ற பெயர் தமிழகமெங்கும் பேசப்பட்டது. வ.வே.சு. ஐயர் இங்கே நடத்திய குருகுலத்தில், தேசியக் கல்வி பெற வந்த பிள்ளைகளுள் இரு பிராமணச் சிறுவர்களுக்கு, பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தனியே உணவளிக்கப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் கண்டித்தனர். காந்தியடிகள் வரை வழக்கு சென்றது. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு சூனில், பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்ற முனைந்து உயிர்நீத்தார்.

குருகுலத்தை ஆதரித்தோர் அன்று கூறிய சமாதானம், பாடம் எல்லோருக்கும் ஒன்றுதானே, உணவு மட்டும்தானே வேறு என்பதாகும். இராமானுஜனின் இளமையை அறிந்தவர் இச்சமாதானத்தை ஏற்க இயலாது. அவருக்கு லோனியின் நூலைத் தந்தது வகுப்பறையன்று. ஒரே அடுக்களையில் உண்டு, ஒரே கூரையின் கீழ் உறங்கிய மூத்த மாணவர்கள் தந்தனர். பாடம் வகுப்பில் நடக்கலாம். பாடத்துக்கு அப்பாற்பட்டதோ பந்தியிலும் திண்ணையிலும்தான் கைமாறுகிறது. அந்த வீட்டில் தங்கிய திருநெல்வேலி மாணவரும் பிராமணரே. அன்றைய வழக்கில் வேறெவரும் அங்கே உண்டிருக்க முடியாது. வறுமையிலும் தனிமையிலும் வளர்ந்தவர் என்று நாம் இரங்கும் இராமானுஜனுக்கு, கல்லூரி நூலகத்தின் கதவு வீட்டுக்குள்ளேயே இருந்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை ஓர் அணுவும் குறையாது. அந்தக் கதவு இல்லாத வீடுகளில் எத்தனை கேள்விகள் அவிந்தன என்பதை எண்ணிப்பார்க்கவே இதைச் சொல்கிறோம்.

சேரன்மகாதேவிக்கு அடுத்த ஊர் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, நார் நாராகக் கிழித்து, பட்டுப்போல் மடியும் பாய்களை நெய்யும் லெப்பைக் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. பாவு நூலை எண்ணியே பாயின் தரம் சொல்லப்படும். பூவும் கட்டமும் நெய்வதெனில் எத்தனை இழைக்கு ஒருமுறை நிறம் மாற வேண்டும் என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. எண்ணும் ஒழுங்கும் சமச்சீரும் நாள்தோறும் விரல்நுனியில் புழங்கும் அத்தகைய வீட்டில், இது ஏன் இப்படி அமைகிறது என்று ஒரு சிறுமி கேட்டால், அவளுக்கு அடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து தருபவர் யார்? குருகுலத்தின் பந்தியைக் குறைசொல்ல நமக்கு முழு உரிமையும் உண்டு. ஒரே ஸஹனில் அமர்ந்து உண்ணும் சமுதாயம் என்று நாம் பெருமை கொள்வதும் உண்மையே. ஆனால் அந்த ஸஹனைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கிடையே புத்தகம் கைமாறுகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் பாய் நெய்பவர் வீட்டுப் பிள்ளையும் விருந்தில் ஒன்றாக உண்டு, படிப்பில் வெவ்வேறு உலகங்களுக்குத் திரும்பிச் செல்வார்களாயின், நம் ஸஹனும் அந்தப் பந்தியிலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை.

இன்று

இன்று காரின் தொகுப்பே கணினியில் விலையின்றிக் கிடைக்கிறது. கைப்பேசி உள்ள எந்தப் பிள்ளையும் உலகின் சிறந்த பேராசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்கலாம். ஆகவே புத்தகம் கொண்டுவருபவருக்கு இனி வேலையில்லை என்று தோன்றலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நூலகத்தின் கதவு திறந்திருப்பது வேறு. இத்தனை ஆயிரம் நூல்களில் இப்போது உனக்கு ஏற்றது இது என்று ஒருவர் எடுத்து நீட்டுவது வேறு. பிள்ளையை அறிந்த ஒருவர்தான் அதைச் செய்ய இயலும். தமிழ்வழியில் பயிலும் பிள்ளைக்கோ இன்னொரு தடையும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்னொரு காலத்தில் கல்லூரிக் கணித நூல்களைத் தமிழில் வெளியிட்டது. அவை பழைய நூலகங்களின் அடுக்குகளில் இருக்கின்றன. தேடி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

நம் பள்ளிவாசல்களோடு இணைந்த நூலகங்கள் பல ஊர்களில் உள்ளன. அங்கே தப்ஸீர்களும் ஹதீஸ் நூல்களும் வரலாறுகளும் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவற்றின் அருகே கணிதத்துக்கும் ஓர் அடுக்கு ஒதுக்குவது, இமாம் கஸ்ஸாலியின் வகைப்பாட்டின்படியே, மார்க்கத்துக்கு அந்நியமான செயலன்று. விடுமுறைக்கு ஊர் திரும்பும் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும், தம் தெருவில் கேள்வி கேட்கும் ஒரு பிள்ளையையேனும் அறிந்துவைத்து, திரும்பிவரும்போது அதற்கு ஒரு நூல் கொண்டுவந்தால் போதும். ஃபராயிள் பாடத்தில் பின்னங்களைப் பிரிக்கும் மத்ரஸா மாணவன், அந்தப் பின்னங்கள் ஏன் அவ்வாறு இயங்குகின்றன என்று கேட்டால், அதைப் பாடத்துக்கு வெளியே என்று ஒதுக்காமல் இருந்தால் போதும். மறைந்த பின்னும் நன்மை தொடரும் என நாம் நம்பும் அமல்களில் பயன்தரும் அறிவும் ஒன்று. அது பெரிய அறிஞர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டியதில்லை.

இராமானுஜனின் கதையை நம் பிள்ளைகளுக்கு இனியும் சொல்லத்தான் போகிறோம். சொல்லும்போது, கும்பகோணத்து வீட்டில் தங்கிப் படித்த அந்த இரு மாணவர்களிலிருந்து தொடங்கிச் சொல்வோம். கேட்கும் பிள்ளைகள் எல்லோரும் இராமானுஜனாக ஆக முடியாது. ஆனால் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, வீட்டிலிருக்கும் சிறுவனிடம் கொடுத்த அந்தத் திருநெல்வேலி மாணவனைப்போல் ஆவது அவர்களில் எவருக்கும் இயலாததன்று.